சம்பளமில்லா லீவும் காவலர் பென்ஷனும்

(காவல்துறைக் குடும்பங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, மாவட்டக் காவல் அலுவலகத்தில் நெடுங்காலம் பென்ஷன் சீட் பார்த்து, அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற வாசகி பதில் சொல்கிறார். கேட்டவர்கள் விருப்பப்படி பெயர்கள் வெளியிடப்படவில்லை.)

கேள்வி: என் கணவர் ராணுவத்திலிருந்து வந்து 2001 நவம்பர் 1-ஆம் தேதி காவல்துறையில் சேர்ந்தார். இப்போது தலைமைக் காவலர். 2026 மே 31-ல் ஓய்வு. நடுவில் என் மாமியாருக்குப் புற்றுநோய் வந்தபோது, "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்து 14 மாதம் சம்பளமில்லா லீவில் இருந்தார். லீவு முறைப்படி சாங்ஷன் ஆனது. ஆனால் "இடையில் சர்வீஸ் உடைந்துவிட்டது, அதற்கு முந்தைய சர்வீஸ் எல்லாம் போச்சு, பென்ஷனே வராது" என்று கூட வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. — தலைமைக் காவலரின் மனைவி, ராமநாதபுரம்

சகோதரி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். முறைப்படி சாங்ஷன் ஆன லீவு எதுவும் சர்வீஸை உடைக்காது. சம்பளம் இல்லாத லீவானாலும் அப்படித்தான். அந்த 14 மாதம் கணக்கில் வராமல் போகலாம். அதற்கு முன்னால் செய்த வேலை எங்கேயும் போகாது. ஸ்டேஷனில் சொன்னவர்கள், லீவே கேட்காமல் ஓடிப்போனவர் கதையை உங்கள் கணவர் தலையில் கட்டுகிறார்கள்.

விதி என்ன என்று சொல்கிறேன். 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள்தான். சம்பளம் கிடைத்த எந்த லீவும், ஈட்டிய விடுப்போ அரைச் சம்பள லீவோ, பென்ஷனுக்குத் தகுதியான பணிக்காலம். சம்பளம் இல்லாத லீவை அரசாங்க பாஷையில் அசாதாரண விடுப்பு என்பார்கள். அது இரண்டு வகை. மருத்துவச் சான்றின் பேரில் கொடுத்தது என்றால் ஒரு பைசா சம்பளம் வாங்காவிட்டாலும் பென்ஷனுக்குச் சேரும். மருத்துவச் சான்று இல்லாமல் சொந்தக் காரணத்துக்குக் கொடுத்தது என்றால் சேராது. கலவரத்தால் பணிக்கு வர முடியாமல் போனது, உயர் அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு என்று சில விலக்குகள் உண்டு. உங்கள் கணவருக்கு அவை பொருந்தாது.

மாமியாரின் மருத்துவச் சான்று உதவுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். உதவாது. சான்று அவருடைய உடம்புக்கு இருக்க வேண்டும். பெற்ற தாயைப் பார்த்துக்கொண்டவருக்கு இந்த விதி கடுமையானது என்பதுதான் என் எண்ணம். சீட்டில் இருந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விதி அதுதான்.

இப்போது கணக்கு போடுவோம். அவருடைய மொத்த சர்வீஸ் 24 ஆண்டு 7 மாதம். பென்ஷன் கணக்கில் ஆண்டை அரையாண்டுகளாகப் பிரிப்பார்கள். மூன்று மாதமும் அதற்கு மேலும் மிச்சம் இருந்தால் ஒரு அரையாண்டாக எடுத்துக்கொள்வார்கள், அதற்குக் குறைந்தால் விட்டுவிடுவார்கள். ஆக, லீவே போடாமல் இருந்திருந்தால் 49 அரையாண்டு. 14 மாதத்தைக் கழித்தால் 23 ஆண்டு 5 மாதம், அதாவது 47 அரையாண்டு. தமிழ்நாட்டில் முழு பென்ஷனுக்கு 30 ஆண்டு, 60 அரையாண்டு வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 30,000. அதை 60-ஆல் வகுத்து 49-ஆல் பெருக்கினால் 24,500. 47-ஆல் பெருக்கினால் 23,500. மாதம் ஆயிரம் ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் குறைகிறது. குறைந்தபட்ச பென்ஷனுக்கு 10 ஆண்டு போதும், அதைத் தாண்டி அவர் எங்கோ நிற்கிறார். "பென்ஷனே வராது" என்ற பேச்சை இத்தோடு மறந்துவிடுங்கள்.

ஓய்வின்போது மொத்தமாகக் கிடைக்கும் கிராஜுவிட்டியிலும் (பணிக்கொடை) கொஞ்சம் அடிபடும். ஒவ்வொரு அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம், அகவிலைப்படியோடு சேர்த்து. இரண்டு அரையாண்டு போனதால் அரை மாதச் சம்பளம் குறையும்.

இந்த இரண்டையும்விட அதிகம் கவனிக்க வேண்டிய இழப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சொந்தக் காரணச் சம்பளமில்லா லீவு இன்கிரிமென்ட்டுக்கும் சேராது. 14 மாதம் என்றால் ஒரு இன்கிரிமென்ட் முழுதாகப் போயிருக்கும். அது போகாமல் இருந்திருந்தால் கடைசிச் சம்பளம் 60,000 இல்லை, ஏறத்தாழ 61,800. அதில் பாதிக்கு 49 அரையாண்டு போட்டால் 25,235. ஆக உண்மையான வித்தியாசம் மாதம் ஆயிரம் இல்லை, ஆயிரத்து எழுநூறுக்கு மேல். லீவு போடும் நாளிலேயே இதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. அலுவலகத்தில் இருக்கும் அவருடைய எஸ்.ஆர். புக்கில் (பணிப்பதிவேடு) விடுப்புக் கணக்குப் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த 14 மாதத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கில் ஈட்டிய விடுப்போ, சொந்தக் காரணங்களுக்கான அரைச் சம்பள லீவோ பாக்கி இருந்ததா? இருந்திருந்தால் ஒரு பகுதியையாவது அந்த லீவாக மாற்றிக் கொடுக்கும்படி எஸ்.பி.க்கு மனு போடலாம். உரிமையாகக் கேட்க முடியாது, அதிகாரி மனம் வைக்க வேண்டும். ஓய்வின்போது காசாக்கக்கூடிய ஈட்டிய விடுப்பு அந்த அளவுக்குக் குறையும் என்பதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: நான் 1998-ல் 21 வயதில் சிறப்புக் காவல் படையில் சேர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பப் பிரச்சினை, மன உளைச்சல். லீவு கேட்டேன், பந்தோபஸ்து என்று மறுத்துவிட்டார்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது. விட்டோடி என்று அறிவித்தார்கள். திரும்பி வந்தபோது சேர்த்துக்கொண்டு, 3(பி) சார்ஜ் (பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு) கொடுத்து, இரண்டு ஆண்டு இன்கிரிமென்ட் கட் போட்டார்கள். தண்டனை முடிந்துவிட்டது. இனி பென்ஷனில் பிரச்சினை வருமா? — காவலர், திருநெல்வேலி மாவட்டம்

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது. "தண்டனை முடிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டனை ஆணை வேறு, வராத நாட்களை முறைப்படுத்தும் ஆணை வேறு. இன்கிரிமென்ட் கட், சொல்லாமல் போன குற்றத்துக்கான தண்டனை. அந்த ஐந்து மாதம் லீவா, எந்த வகை லீவு, சர்வீஸில் சேருமா சேராதா என்பதை இன்னொரு ஆணைதான் சொல்ல வேண்டும். பி.ஆர். ஃபைலை (தண்டனைக் கோப்பு) முடிக்கிற அவசரத்தில் பல இடங்களில் இந்த இரண்டாவது ஆணையை விட்டுவிடுவார்கள். காவலரும் தண்டனையை அனுபவித்துவிட்டோம், தீர்ந்தது என்று இருந்துவிடுவார். ஓய்வு பெறும் ஆண்டில்தான் பூதம் கிளம்பும்.

எஸ்.ஆர். புக்கில் ஆண்டுதோறும் ஒரு பதிவு இருக்கும். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணி சரிபார்க்கப்பட்டது" என்று சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து எழுதி, கீழே கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருக்கும். உங்கள் புத்தகத்தில் அந்த வரி ஒரு தேதியில் நின்று, ஐந்து மாதம் தள்ளி மறுபடி தொடங்கும். நடுவில் வெற்றிடம். தேனாம்பேட்டை கணக்காயர் அலுவலகத்துக்கு பென்ஷன் கருத்துரு போனால், அங்கே உட்கார்ந்திருப்பவரின் விரல் முதலில் நிற்கும் இடம் அதுதான். "இக்காலம் எவ்வாறு முறைப்படுத்தப்பட்டது?" என்று ஒரு வரி எழுதி ஃபைலைத் திருப்பிவிடுவார்கள். அதற்குள் உங்கள் தளவாய் (படைப்பிரிவின் தலைமை அதிகாரி) மூன்று முறை மாறியிருப்பார், பழைய ஃபைல் எந்த மூட்டையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, நீங்கள் தற்காலிக பென்ஷனில் அலைவீர்கள். ஒரு நல்ல ஏட்டையா இதே மாதிரி பழைய இடைவெளி ஒன்றுக்காக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் மனைவி பழைய ரேஷன் கார்டுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த சிக் பாஸ்போர்ட்டின் (காவலரை மருத்துவமனைக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டு) நகலும் அரசு மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டும்தான் அவரைக் காப்பாற்றின. அந்தக் காலம் மருத்துவச் சான்றின் பேரிலான விடுப்பாக மாறியது.

உங்களுக்கும் அந்த வழி இருக்கிறதா என்று யோசியுங்கள். மன உளைச்சல் என்கிறீர்கள். அப்போது மருத்துவரைப் பார்த்தீர்களா? அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதுவானாலும் எடுத்து வையுங்கள். மனநோயும் நோய்தான். அதற்குப் பார்த்த வைத்தியத்தை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, சீட்டைக் கிழித்துப் போட்ட காவலர்கள் எத்தனையோ பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சான்று இருந்தால் "மருத்துவச் சான்றின் மீதான ஊதியமில்லா அசாதாரண விடுப்பாக முறைப்படுத்தக் கோருகிறேன்" என்று தளவாய்க்கு மனு எழுதுங்கள். சான்றே இல்லை என்றால் "மருத்துவச் சான்று இல்லாத அசாதாரண விடுப்பாகவாவது முறைப்படுத்துங்கள்" என்று எழுதுங்கள். அப்படிக் கிடைத்தாலும் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. நீங்கள் 60 வயது வரை இருந்தால் 38, 39 ஆண்டு சர்வீஸ். முழு பென்ஷனுக்கு 30 போதும், கிராஜுவிட்டியின் உச்சத்துக்கு 33 போதும். ஐந்து மாதம் கழிந்தால் ஒன்றும் ஆகாது.

அந்தக் காலம் எந்தப் பெயரும் இல்லாமல் கிடப்பதுதான் ஆபத்து. லீவு என்ற பெயர் இல்லாத இடைவெளியைப் பணி முறிவு என்று எழுதிவிட்டால், அதற்கு முந்தைய சர்வீஸையே கேள்வி கேட்க இடம் கொடுத்ததாகிவிடும். ராமநாதபுரம் சகோதரியைப் பயமுறுத்தியவர்கள் சொன்னது இந்த மாதிரி கேஸைத்தான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 21 நாள் வராவிட்டால் விட்டோடி என்று எழுத விதி இருக்கிறது. சரி. ஆனால் அந்த 21 நாளுக்கு முன்னால் அவர் எத்தனை முறை லீவு கேட்டார், எத்தனை முறை மறுத்தார்கள் என்பதை எழுத ஃபைலில் இடமே இல்லை. காவலர்களுக்கு வார ஓய்வு என்று 2021-ல்தான் சட்டமன்றத்தில் அறிவித்து அரசாணை போட்டார்கள். ஒரு நாள் ஓய்வுக்கே அத்தனை காலம் ஆன துறை இது. ஓடிப்போனவர் என்று எழுதுவதற்கு முன், அவர் கொடுத்த லீவு லெட்டரும் அதன்மேல் அதிகாரி எழுதிய குறிப்பும் ஃபைலில் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்களிடம் அந்த லெட்டரின் நகல் இருந்தால், மனுவோடு அதையும் இணையுங்கள்.

கேள்வி: சஸ்பென்ஷனில் இருந்த காலம் பென்ஷனுக்குச் சேருமா? — உதவி ஆய்வாளர், தஞ்சாவூர்

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று முடிந்தாலோ, சஸ்பென்ஷனே நியாயமில்லை என்று அதிகாரி சொன்னாலோ முழுதாகச் சேரும். தண்டனையோடு முடிந்தால், அந்தக் காலத்தை எப்படி நடத்துவது என்று மறுபணியமர்த்தும் ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். உங்கள் ஆணையின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் 2011-ல் சேர்ந்த பெண் காவலர். கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். குழந்தைக்கு மூன்று வயது. இரண்டு ஆண்டு சம்பளமில்லா லீவு போட்டு அவரோடு இருந்துவிட்டு வரலாமா என்று நினைக்கிறேன். "உங்களுக்குத்தான் பழைய பென்ஷன் இல்லையே, லீவு போட்டால் என்ன?" என்கிறார்கள். — பெண் காவலர், கோயம்புத்தூர்

தங்கச்சி, அப்படிச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்த உங்களுக்குச் சம்பளமில்லா லீவு வேறு விதத்தில் கடிக்கும். பழைய பென்ஷன்காரருக்கு 30 ஆண்டு தாண்டிவிட்டால் ஓரிரு ஆண்டு போவது தெரியாது. உங்கள் சி.பி.எஸ்.ஸில் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) அந்த மெத்தை கிடையாது. 2026 ஜனவரியில் அரசு புதிய ஓய்வூதியத் திட்டத்தை அறிவிப்பதற்கு முன்பிருந்த முறைப்படி, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் உங்களிடம் பிடித்தார்கள், அரசு அதே அளவு போட்டது. சம்பளம் இல்லாத மாதத்தில் பிடித்தம் இல்லை. பிடித்தம் இல்லை என்றால் அரசின் பங்கும் இல்லை.

அந்த முறையிலேயே கணக்கு போடுவோம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் உங்கள் பங்கு 5,000, அரசு பங்கு 5,000. 24 மாதத்தில் அரசு உங்கள் கணக்கில் போட வேண்டிய 1,20,000 ரூபாய் வராது. இன்றைய தேதிக்குச் சின்னத் தொகையாகத் தெரியும். நீங்கள் ஓய்வு பெற இன்னும் 20 ஆண்டுக்கு மேல் இருக்கிறது. 7.1 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 20 ஆண்டில் ஒரு தொகை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அரசு பங்கில் மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் இழப்பு. உங்கள் பங்கும் சேராமல் போவதைக் கணக்கிட்டால் ஒன்பது லட்சத்தைத் தாண்டும். இன்கிரிமென்ட்டும் இரண்டு போகும். அது அடுத்த 20 ஆண்டுச் சம்பளத்திலும் பிடித்தத்திலும் தொடர்ந்து தெரியும்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வயதுக் குழந்தை அப்பாவைப் போனில் மட்டுமே பார்த்து வளர்வதன் கணக்கை எந்த விதிப் புத்தகத்திலும் போட முடியாது. அதை நீங்கள் இரண்டு பேரும்தான் போட வேண்டும். போவதாக முடிவு செய்தால் சிலவற்றைக் கவனியுங்கள். முதலில், கையிலிருக்கும் ஈட்டிய விடுப்பைச் சேர்த்துப் போட்டு, அது தீர்ந்த பிறகு சம்பளமில்லா லீவு தொடங்கும்படி விண்ணப்பியுங்கள். முன்பகுதியில் சம்பளமும் வரும், சி.பி.எஸ். பிடித்தமும் நடக்கும். வெளிநாடு போக முன் அனுமதி எழுத்தில் வேண்டும். விண்ணப்பம் கொடுத்துவிட்டோம், வந்துவிடும் என்று விமானம் ஏறாதீர்கள். நீட்டிப்பு வேண்டும் என்றால் லீவு முடிவதற்கு முன்பே அங்கிருந்து எழுதுங்கள். எந்த வகை லீவானாலும் தொடர்ந்து 5 ஆண்டுக்கு மேல் கொடுக்க விதியில் இடமில்லை. காவலர் கூட்டுறவு சங்கக் கடன் இருந்தால் தவணைக்கு வழி செய்துவிட்டுப் போங்கள். சம்பளம் நின்ற அடுத்த மாதமே ஜாமீன் போட்ட தோழியின் சம்பளத்தில் கை வைப்பார்கள். அதனால் எத்தனையோ நட்புகள் முறிந்திருக்கின்றன.

இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், மகப்பேறு விடுப்பு 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. அது எல்லாக் கணக்கிலும் சேரும். 2021 வரை ஒன்பது மாதமாக இருந்ததை உயர்த்தினார்கள். மகப்பேறு விடுப்பு முடித்து வரும் பெண் காவலர்களுக்குக் கணவரோ பெற்றோரோ இருக்கும் மாவட்டத்தில் மூன்று ஆண்டு பணி என்று 2024-ல் முதலமைச்சர் அறிவித்ததையும் நினைவில் வையுங்கள். உங்கள் பெற்றோர் ஊருக்கு மாறுதல் வாங்கினால் இந்த லீவே தேவைப்படாமல் போகலாம். அதையும் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

கேள்வி: நான் சிறப்பு உதவி ஆய்வாளர், நான்கு மாதத்தில் ஓய்வு. 2004-ல் ஏழு மாதம் சொந்தக் காரணத்துக்குச் சம்பளமில்லா லீவில் இருந்தேன். அப்போது இன்கிரிமென்ட்டைத் தள்ளிப் போடாமல் அலுவலகமே தவறாகக் கொடுத்திருக்கிறது. இப்போது தணிக்கையில் கண்டுபிடித்து, இத்தனை ஆண்டு கூடுதலாக வாங்கிய சம்பளத்தை கிராஜுவிட்டியில் பிடிப்போம் என்கிறார்கள். தவறு என்னுடையதா? — எஸ்.எஸ்.ஐ., விழுப்புரம்

உங்களுடையது இல்லை. எஸ்.ஆர். புக் காவலர் கையில் இருப்பதில்லை. இன்கிரிமென்ட் போடும் க்ளார்க்கும் கையெழுத்திடும் அதிகாரியும் லீவுக் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

உங்களைக் காக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பஞ்சாப் அரசு எதிர் ரஃபிக் மசி வழக்கு, 2014 டிசம்பர் 18. 'சி', 'டி' பிரிவுப் பணியாளர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓர் ஆண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும், ஐந்து ஆண்டுக்கு மேல் தவறாகக் கொடுத்த தொகையையும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஒன்று பொருந்தினாலே போதும், உங்களுக்கு ஒன்றுக்கு மேலேயே பொருந்துகிறது. 2022 மே மாதம் தாமஸ் டேனியல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அவர் கேரளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து 1999-ல் ஓய்வு பெற்றவர். சம்பளமில்லா விடுப்பை ஒட்டி வந்த கணக்குப் பிசகுதான் அங்கேயும் பிரச்சினை. அவர் ஏமாற்றியோ தவறான தகவல் கொடுத்தோ வாங்கவில்லை, விதியை அலுவலகம் தவறாகப் புரிந்துகொண்டது, ஆகவே வசூலிக்க முடியாது என்று முடித்தார்கள்.

இரண்டு விஷயங்களில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. பழைய பணத்தைப் பிடிக்கக் கூடாது என்றுதான் தீர்ப்பு. இனிமேலான சம்பளத்தையும் பென்ஷனையும் சரியான தொகைக்குத் திருத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. அதாவது கடைசிச் சம்பளம் ஒரு படி இறங்கலாம். இன்னொன்று, சம்பள நிர்ணயம் செய்தபோது "கூடுதலாக வந்திருந்தால் திருப்பித் தருகிறேன்" என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். 2016-ல் ஜகதேவ் சிங் வழக்கில், அப்படி எழுதிக் கொடுத்த ஒருவரிடம் பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் உரிமையியல் நீதிபதியாக இருந்தவர், நீங்கள் 'சி' பிரிவு. அந்த வேறுபாட்டை உங்கள் வழக்கறிஞர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிடித்தம் செய்வதற்கு முன் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் வாய்மொழியாகப் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும், ரஃபிக் மசி தீர்ப்பின் நகலை இணையுங்கள், தபால் பிரிவில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். "சம்மதம்" என்று எழுதிக் கொடுத்தால் பென்ஷன் சீக்கிரம் வரும் என்று யாராவது தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது மனிதர்கள் பயந்துபோய் எதிலும் கையெழுத்திடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: அப்பா முதல்நிலைக் காவலராக இருந்தபோது பணிக்காலத்திலேயே இறந்துவிட்டார். 1996-ல் சேர்ந்தவர். உடம்பு சரியில்லாமல் அடிக்கடி சம்பளமில்லா லீவில் இருந்தார். அதனால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் குறையுமா? — மகள், வேலூர்

குறையாது அம்மா. குடும்ப ஓய்வூதியம் சர்வீஸின் நீளத்தைப் பார்ப்பதில்லை, கடைசி அடிப்படைச் சம்பளத்தைப் பார்க்கிறது. அதில் 30 சதவீதம். ஏழு ஆண்டுக்கு மேல் பணி செய்தவர் இறந்தால் முதல் சில ஆண்டுகளுக்கு 50 சதவீதம் கிடைக்கும். 1996-ல் சேர்ந்தவர் என்பதால் அந்தத் தகுதியும் இருக்கும்.

கிராஜுவிட்டியில் மட்டும் சர்வீஸ் கணக்கு வரும். அப்பாவின் லீவுகள் எல்லாம் நோயினால் என்கிறீர்கள். அவற்றில் எத்தனை மருத்துவச் சான்றின் பேரில் என்றும் எத்தனை வெறும் சம்பளமில்லா லீவு என்றும் எஸ்.ஆர். புக்கில் எழுதியிருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வெறும் லீவு என்று எழுதியதற்கு வீட்டில் மருத்துவச் சீட்டு இருந்தால், கருத்துரு தேனாம்பேட்டைக்குப் போவதற்கு முன்னால் அம்மா பெயரில் மனு கொடுங்கள். போன பிறகு கொடுத்தால் அது திரும்பி வந்து மறுபடி போக மாதங்கள் ஆகும். அப்பாவின் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது எந்தத் தாளையும் இப்போதைக்கு எரித்துவிடாதீர்கள்.